குலுக்கிப் பார்த்த காய்ச்சல்

கூச்சக்காரனை எந்த வேலைக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் வேலைக்கு மட்டும் அனுப்பக் கூடாது. (அந்த வயதில் நான் பசுமாட்டிடம்கூடத் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன்.)

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் மரங்கள் பகலிலேயே தூங்கின. நாங்களும் மரவள்ளியைத் தின்றுவிட்டு அந்த நிழலில் பாதித் தூக்கமாக நடமாடினோம். ரப்பர் விதை வெடிக்கும் சத்தம் மட்டும் விழித்திருந்தது.

அப்போது காய்ச்சல் பரவியது. வெள்ளைக்கார துரை ஓடிப்போனதால் பொறுப்பெல்லாம் ஆபீஸ் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியிடம். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு சின்னப் போத்தல் கொய்னா என்ற காய்ச்சல் மாத்திரை. தொழிலாளர் குடியிருந்த இரண்டு வீட்டு வரிசைகளில், மேல் லயத்துக்குக் கொடுப்பதா, கீழ் லயத்துக்கா என்று குழம்பி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு லயத்திலயும் ஆருக்குக் காய்ச்சல், ஆருக்கு இல்லை எண்டு வீடு வீடாக் கேட்டுக்கொண்டு வாரும்."

மேல் லயம் என் சொந்த லயம். வீட்டுக்குள் நுழைந்தே கேட்டேன். கீழ் லயத்தில் பாக்கியம் இருந்தாள். அங்கே கதவைத் தட்டக் கை எழும்பவில்லை. குழாயடிக்கு எதிரே ஒரு மரத்தின் பின்னால் நின்று, குடத்தோடு வந்தவர்களை எண்ணினேன். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. காலைப் பனிக்குள் குடங்கள் மிதந்து போவது அத்தனை அழகாக இருந்தது. (அவள் வரவில்லையே என்று மனம் வாடியது, ஏன் வரவில்லை என்று மூளை கேட்கவில்லை.)

கிராணி மண்ணில் நான்கு கட்டம் கீறினார். மேலே காய்ச்சல், சுகம். பக்கத்தில் இரண்டு லயங்கள். ஆளுக்கு ஒரு ரப்பர் விதை. காய்ச்சல்காரர் விதைக்குச் சுண்ணாம்புப் பொட்டு. பொட்டு விதைகள் எல்லாம் மேல் லயத்துக் கட்டத்தில் குவிந்தன.

"இது தற்செயலாயும் வந்திருக்கலாம். பொறும்," என்று எல்லாவற்றையும் வாளியில் போட்டுக் குலுக்கினார். பார்க்காமல் அள்ளி, ஆள் கணக்குப்படி இரண்டு லயத்துக்கும் பிரித்தார். பொட்டுகள் இரு பக்கமும் கலந்தே விழுந்தன. பொழுது சாயும்வரை குலுக்கினோம். ஒரு தடவைகூட அத்தனை பொட்டும் ஒரே பக்கம் சேரவில்லை.

"கண்டீரே, இது குருட்டாம்போக்கில வாற வித்தியாசம் இல்லை. காரணம் ஒண்டு இருக்கு."

காரணம் இருந்ததுதான். அது அவர் பக்கத்தில் குந்தியிருந்தது.

மாத்திரை மேல் லயத்துக்குப் போனது. மறுநாள் பாக்கியம் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க ஆபீசுக்கு வந்தாள்.

"ஐயா, எங்க லயத்துல காய்ச்சலே இல்லைனு சொன்னது யாருங்க?"

கிராணி என்னைக் காட்டினார்.

"எங்கப்பாவால எந்திரிக்கவே முடியல. இவரு எந்த வீட்டுல கேட்டாரு?"

"குழாயடியில..." என்றேன், தரையிடம்.

"பாயில கெடக்கிறவங்க எப்படிலா குழாயடிக்கு வருவாங்க?"

கிராணி வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குலுக்கினதில பிழை இல்லை; பொறுக்கினதில பிழை. போம், மேல் லயத்தில பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாரும்."

கொடுத்த மருந்தைத் திருப்பிக் கேட்பதைவிட ஜப்பான்காரனிடம் அறை வாங்குவது மரியாதை. ஒவ்வொரு கதவிலும் முதலில் திட்டு வாங்கினேன், பிறகு மாத்திரை வாங்கினேன். கடைசியாகக் கீழ் லயத்தில் பாக்கியத்தின் கதவையும் தட்டினேன். அப்பாவும் மகளும் பிழைத்துக்கொண்டார்கள். நான்தான் அந்த வீட்டு மருமகனாக மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் எங்கள் மகளுக்கு ராசா என்ற ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. நேரில் போய் விசாரித்துவிட்டு வந்து, நல்ல குடும்பம் என்றேன்.

"அம்மா, அப்பா வீட்டுக்குள்ள போயி கேட்டாரா, ரோட்டுல நின்னு எண்ணிட்டு வந்தாரானு மொதல்ல கேளு," என்றாள் மகள்.

பாக்கியம் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.