மூடினால் திறக்கும் காலண்டர்

சிவகாசியில் காலண்டர் அச்சிடும் நிறுவனமொன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வணிகவியல் முதுகலைப் பட்டதாரி. என் கையெழுத்து விழாமல் ஒரு பக்கம்கூட அச்சுக்குப் போனதில்லை. அத்தகைய என்னை ஒரு காலண்டர் தோற்கடித்ததாகச் சுற்றத்தார் கூறிவருவதால், நடந்ததை எழுத வேண்டியதாயிற்று.

மகள் கயலுக்கு நிச்சயதார்த்தம். மாதக் கடைசி ஞாயிறு என்று இரு வீட்டாரும் பேசி முடித்தோம். சம்பந்தி, விஸ்வநத்தத்துப் பட்டாசு கம்பெனியில் போர்மேன். அவருடைய சொந்தபந்தம் முழுவதற்கும் அதே வேலை. ஞாயிறு தவிர விடுமுறை கிடையாது.

"மண்டபத்துக்கு நேர்ல போயிச் சொல்லிட்டு வந்திருவோம் சம்மந்தி," என்றார் அவர்.

"எதற்கு? இணையதளம் இருக்கிறதே," என்று மடிக்கணினியைத் திறந்தேன். (என் திறமையை அவர் காண வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கமில்லை.)

மண்டபப் பதிவுப் பக்கத்தின் தேதிக் கட்டத்தில் கர்சர் பட்டதும் ஒரு சிறு காலண்டர் விரிந்து, பெயர் எழுதும் கட்டத்தை மறைத்தது. முதலில் பெயர், பிறகுதான் தேதி என்பது என் முறை. காலண்டரை மூடினேன். மூடியதும் கர்சர் தேதிக் கட்டத்துக்கே திரும்பியது. கர்சர் வந்த கையோடு காலண்டரும் வந்தது.

"எப்பா, அது தேதி கேக்கு. குடுத்தாத்தான் போகும்," என்றாள் கயல்.

"அது கேட்கும்போதெல்லாம் கொடுக்க நான் அதனிடம் வேலை பார்க்கவில்லை."

மறுபடி மூடினேன். மறுபடி விரிந்தது.

சம்பந்தி காபியை ஆற்றியபடி, "எங்க கம்பெனி சங்குச் சக்கரங்கூட இம்புட்டுச் சுத்தாது," என்றார்.

அது தைத்தது. இடப்பக்க முதல் கட்டம், கடைசி வரிசை, ஓங்கி அழுத்தினேன். பெயரையும் கயலின் கைபேசி எண்ணையும் நிரப்பிப் பதிவு செய்தேன். கிழமைத் தலைப்பைப் படிக்கவில்லை. (ஆயுள் முழுவதும் காலண்டர் அடித்தவன், ஞாயிறு எங்கே இருக்கும் என்று படித்தா தெரிந்துகொள்வான்?)

கயல் தன் கைபேசியைப் பார்த்தாள். "எப்பா, திங்கக்கிழமைன்னு வந்திருக்கு."

அந்தக் காலண்டரில் வாரம் திங்களில் தொடங்குகிறதாம். மண்டபத்துக்குப் போன் போட்டோம். ஞாயிற்றுக்கிழமையை, நேரில் சென்ற ஒருவர் அப்போதுதான் எடுத்திருந்தார். வேறு மண்டபமும் அமையவில்லை.

திங்களன்று மதிய விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசை ஏறக்குறைய காலி. மாலையில் வேலை விட்டு, கழுவியும் போகாத அலுமினியப் பொடி விரல்களில் மினுங்க வந்து அமர்ந்தார்கள். மதியச் சாம்பாரையே மறுபடி சுடவைத்துப் பரிமாறினோம். கயல் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

திருமணம் நல்லபடியாக நடந்து, பேரனும் பிறந்துவிட்டான். ஆயினும் ஞாயிறுதோறும் சம்பந்தி தொலைபேசியில் அழைக்கிறார்: "சம்மந்தி, இங்கன ஞாயித்துக்கிழமை. அங்கன எப்படி?"

நான் கிழமை தெரியாமல் திங்களைப் பதிந்துவிட்டதாக அவர் சொல்லித் திரிவது பிழை. நான் முதல் கட்டத்தை அழுத்தினேன். முதல் கட்டம் ஞாயிறு.