டெஸ்டர் வேங்கிக்கால் போன நேரம்

திருவண்ணாமலையில் சோதித்துப் பார்க்காமல் மூச்சுக்கூட விடாத ஒரே ஆள் டெஸ்டர்தான். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் மின்சார டெஸ்டர் செருகியிருப்பார். ஆட்டோவில் ஏறும் முன் மூன்று சக்கரத்தையும் உதைத்துப் பார்ப்பார். டீக்கடை பெஞ்சை ஆட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே குடிப்பார்.

அப்போது நான் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஊரே பென் டிரைவோடு வர ஆரம்பித்த காலம் அது. என் பழைய விண்டோஸுக்கு அதை அடையாளமே தெரியவில்லை. வந்தவர்கள் அப்படியே எதிர்க்கடைக்குப் போனார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது விண்டோஸ் சி.டி.யை வாங்கி வைத்துக்கொண்டு, ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் டெஸ்டரைக் கூப்பிட்டேன்.

"அரை மணி வேலைதானேண்ணா?"

"அவசரப்படாத தம்பி. உள்ள என்னென்ன இருக்குதுன்னு மொதல்ல பாக்கணும். ஒண்ணு ஒத்துக்கலைன்னாலும் படுத்துடும்."

பார்த்தார். மூன்று நாள் பார்த்தார். டப்பாவைக் கழற்றி ஒவ்வொரு கார்டின் நம்பரையும் பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார். மெமரியை உருவி, ரப்பரால் தேய்த்து மாட்டினார். சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டு யாரிடமோ விசாரித்தார். கடைக்குள் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்த நடைக்கு நான்கு கிரிவலம் முடித்திருக்கலாம்.

நான்காம் நாள் தீர்ப்பு வந்தது.

"மெமரி ஓக்கே. டிஸ்க்கு ஓக்கே. ஆனா ஏத்தாத."

பின்னால், பிரிண்டர் ஒயர் சொருகும் இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு 'டாங்கிள்' என்னும் பிளாஸ்டிக் பூட்டு ஒன்று செருகியிருந்தது. அது இருந்தால்தான் தமிழ் டைப் செய்யும் சாஃப்ட்வேர் திறக்கும். அதைத் தட்டிக் காட்டினார். "இது பழசு. புதுசுல வேலை செய்யாது. வேற அனுப்பச் சொல்லிக்கீறேன். ஒரு வாரம் பொறு."

ஒரு வாரமா! ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் ஏதோ ஆபீஸ் பிரிண்டரைப் பார்க்க அவர் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் நான் சி.டி.யைச் சொருகினேன்.

ஜம்மென்று ஏறியது. பென் டிரைவ் திறந்தது. தமிழ்தான் திறக்கவில்லை. அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை உள்ளே மாட்டிக்கொண்டது. அதற்குள் பெண்ணின் அப்பாவும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள பேருக்குப் பின்னாடி எம்.எஸ்ஸி. போட்டாச்சா தம்பி?"

"இதோ, ஆயிடுச்சு சார்" என்றேன். இன்று விட்டால் பத்திரிகை வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். அதோடு என் கடையும்தான்.

டெஸ்டர் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. மஞ்சப் பையிலிருந்து, பேப்பரில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார்.

"இதான் உன் டிஸ்க்கு. நேத்தே கழட்டிட்டேன். இப்ப நீ ஏத்துனது என் வீட்டு டிஸ்க்குல. உன்னுத காப்பி போட்டு மாட்டியிருந்தேன்."

"என்கிட்ட ஏண்ணா சொல்லல?"

"மூணு நாளா மெஷின மட்டுமா செக் பண்ணேன்? உன்னையுந்தான் பண்ணேன். ஒரு வாரம் நீ தாங்க மாட்டேன்னு தெரிஞ்சிடுச்சு."

பத்து நிமிடத்தில் பழைய டிஸ்க்கை மாட்டினார். தமிழ் திறந்தது. மாப்பிள்ளை எம்.எஸ்ஸி. ஆனார்.

என் அவசர புத்தியைத் திட்டாதவர்கள் என் வீட்டிலேயே கிடையாது. அது தெரிந்தும், திட்டாமல், சொந்த டிஸ்க்கைக் கொடுத்து என்னைக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான். அன்று ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ரொம்பப் பிடித்தவர்களிடம் எனக்கு வாயே வராது.