நாலாவது மாடியில் ஓர் உயில்

உயில் எழுதுவது என்று முடிவு செய்தேன். சாவதற்கு அல்ல. ஜெயிப்பதற்கு.

காரணம், என் மனைவியின் தம்பி. ஞாயிறு தவறாமல் வருவான். ஹாலில் நின்று சுவரைத் தட்டுவான்.

"அத்தான், இதை இடிச்சா ஹால் எவ்வளவு பெருசாகும் தெரியுமா?"

அந்தச் சுவரில் சாய்ந்துதான் நான் உட்கார்ந்திருப்பேன். உயிரோடு. இவளோ "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவனுக்கு இன்னொரு டம்ளர் டீ கொடுப்பாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு அவனுக்குப் போகக் கூடாது. இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகட்டும். அவர்களை நான் மறந்தவன் இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் ஊரையே மேலே தூக்கிவிட்டவன். ஒருநாள் எங்கள் மேனேஜர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். நான் அவரை வெளியே எடுத்தேன். மறுநாள் அவர் என்னை வெளியே அனுப்பினார். அந்த மையம்தான் பைசா வாங்காமல் வாதாடி, வேலையைத் திரும்ப வாங்கித் தந்தது.

போன் செய்தேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். கண்ணாடியைத்தான் காணோம். முதல் நாள் மாலையிலிருந்தே காணோம். அவளைக் கேட்கலாம். கேட்டால் "எதுக்கு?" என்பாள். கேட்கவில்லை.

வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"எங்கங்க கிளம்பியாச்சு?"

"வாக்கிங்."

"கையில ஃபைலு?"

"வெயிலுக்கு."

"கண்ணாடி போட்டுக்கலையா?"

"நடக்கத்தானே போறேன். படிக்கவா போறேன்?"

"அதுவும் சரிதான்" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்னதை அவள் சரி என்றது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மையம் நாலாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'ஓடாது' என்று அட்டை. லிஃப்ட் மெக்கானிக்கையே படி ஏற வைத்த கட்டடம். மூச்சு வாங்க மேலே போய் வக்கீல் பெண்ணின் முன்னால் ஃபைலைப் போட்டேன்.

"வீட்டை உங்க பேருக்கு எழுதணும். எனக்குப் பின்னாடி. சீக்கிரம் எழுதும்மா."

புரட்டிப் பார்த்தாள். "சார், பத்திரம் அம்மா பேர்ல இருக்கே."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மா."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வழக்கு நடந்தபோது, மேனேஜர் நஷ்டஈடு கேட்டு வீட்டைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்து, நானேதான் அவள் பேருக்கு மாற்றினேன். ஜெயித்த குஷியில் திருப்பி மாற்ற மறந்தேன். இருபத்திரண்டு வருஷமாக அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் தம்பியைப் பார்த்து, "என் வீட்டில் இவனுக்கு என்ன வேலை?" என்று பல்லைக் கடித்திருக்கிறேன்.

"அப்ப வீடு அவனுக்குத்தானா?"

"யாருக்கு சார்?"

"சுவர் தட்டுறவனுக்கு."

வக்கீல் பெண் சிரித்தாள். அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். "அம்மா மூணு வருஷம் முன்னாடியே உயில் எழுதிட்டாங்க. வீடு எங்க மையத்துக்குத்தான். நீங்க வந்தா காட்டச் சொன்னாங்க."

டீ தம்பிக்கு, வீடு இவர்களுக்கு. அழுத்தக்காரி.

"நான் வருவேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நேரத்தை உறுதி பண்ண நேத்து போன் பண்ணினோம். அம்மாதான் எடுத்தாங்க."

தொண்டையைச் செருமினேன். "அவ எனக்கு முன்னாடி போயிட்டா? நான் எங்க போறது?"

"உங்க ஆயுசு வரைக்கும் நீங்க அங்கேயே இருக்கலாம் சார். ஒரே ஒரு நிபந்தனை." படித்தாள். "'ஈரத்துண்டைக் கட்டிலில் போடக் கூடாது.'"

"இது சட்டப்படி செல்லுமா?"

"நாங்களும் கேட்டோம். 'சட்டம் கிடக்கட்டும், எழுதுங்க'ன்னுட்டாங்க."

எனக்கு ரோஷம் வந்தது. "அவ மட்டும்தான் கொடுப்பாளா? நானும் கொடுப்பேன். எழுதிக்கோ."

"உங்க பேர்ல என்ன சார் இருக்கு?"

யோசித்தேன். ஸ்கூட்டரை விற்றாயிற்று. சாய்வு நாற்காலி மாமனார் தந்தது. "டூல்ஸ் பெட்டி" என்றேன். "நான் செத்தப்புறம் எடுத்துக்கங்க."

"அதுவரைக்கும் லிஃப்ட் நிக்கணுமா சார்? போன வாரம் கால் ஒடிஞ்ச ஒருத்தர் வந்தார். உங்களை மாதிரியே வேலை போனவர். நாலு மாடி ஏற முடியாம கீழேயே திரும்பிட்டார்."

அன்று வேலை போய் நான் வந்தபோது லிஃப்ட் ஓடியது.

"சரி சரி. பெட்டி வீட்டில இருக்கு. நாளைக்குப் பார்ப்போம்" என்று எழுந்தேன்.

"இங்கேதான் இருக்கு" என்று கதவு மூலையைக் காட்டினாள். "லிஃப்ட் ஓடலைன்னு போன்ல சொன்னோம். நேத்து சாயங்காலமே அம்மா ஆட்டோவில அனுப்பி வச்சிட்டாங்க."

போய்த் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு மேலே, துணியில் சுற்றி, என் கண்ணாடி.