மூன்று கொட்டேஷனும் ஒரு ஃபர்னஸும்

"இதை இனிமே பத்த வைக்காதீங்க" என்று சொல்லி, கேஸ் கம்பெனி ஆள் பேஸ்மென்ட்டில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸின் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். "உள்ள தகடு விரிசல் விட்டிருக்கு. விஷவாயு நேரா வீட்டுக்குள்ள வரும். கேஸை மூடிட்டேன்."

ஆர்டன் டாலெஃப்சன் அவருக்கு நன்றி சொன்னார். ஒருமுறை சொன்னது போதாதென்று தோன்றியதால் இன்னொருமுறையும் சொன்னார். காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார். போகும்போது லெமன் கேக் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார். மினசோட்டாவில் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, அவர் வீட்டைக் குளிரவைக்க வந்தவரே ஆனாலும்.

"என்ன சொன்னான்?" மேலே சமையலறையிலிருந்து மனைவி மார்லிஸ் கேட்டாள்.

"அவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்லமுடியாது."

ஆர்டன் வாயிலிருந்து இத்தனை கடுமையான சொற்கள் வந்து மார்லிஸ் கேட்டதே இல்லை. கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மகள் பிரிட்டாவின் போன் வந்தது.

"அப்பா, நவம்பர் முதல் சனிக்கிழமை ட்ரெவர் மான் வேட்டைக்குக் கிளம்பறார். அவர் திரும்பி வர்ற வரைக்கும் பாப்பாவோட நான் அங்க வந்து இருந்துக்கறேன். வீடு கதகதன்னு இருக்கும்ல?"

"அதுக்கென்னம்மா!" என்றார் ஆர்டன், கோட்டின் மேல் பொத்தானைப் போட்டபடி.

"இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. ட்ரெவரோட அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்க வீட்ல கார் ஷெட்டுக்குக்கூடத் தரைல சூடு வருது."

பேத்தி பிறந்ததிலிருந்து அவளை ஆர்டனும் மார்லிஸும் போன் திரையில்தான் பார்த்திருந்தார்கள். சம்பந்தியம்மாளின் கார் இருக்கும் சொகுசில் இந்த வீடு இல்லாவிட்டால் இனியும் திரையில்தான் பார்க்கவேண்டும்.

"மலிவா, சின்னதா, வேலை செய்யற மாதிரி ஒண்ணு போதும்" என்றாள் மார்லிஸ். "ஏசியும் செத்துப்போச்சு, அதுக்கு ஊத்தற கேஸே இப்ப யாரும் விக்கறதில்ல. ரெண்டையும் சேர்த்து மாத்தினா ஒரே கூலி. மூணு கொட்டேஷன் வாங்கு. எது கம்மியோ அதை எடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

வேறு ஊராக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லைதான். ஆனால் ஸ்வான் கிராசிங்கில் ஃபர்னஸ் போடுகிறவர்கள் மொத்தமே மூன்று பேர். டுவேன் ஹாக், சர்ச் பாடகர் குழுவில் ஆர்டனுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். லவெர்ன், மார்லிஸின் பெரியப்பா மகன். ஜொலீன், அப்பாவின் தொழிலை எடுத்து நடத்துகிற பெண். ஆர்டன் ஓட்டும் பள்ளி பஸ்ஸில்தான் அவள் சின்ன வயதில் போய்வந்தாள், வாந்தி வரும் என்று முதல் சீட்டில்.

ஒருவருக்கு வேலையைக் கொடுத்தால் மற்ற இருவரிடம் இல்லை என்று சொல்லவேண்டும். ஆர்டன் தன் வாழ்நாளில் இல்லை என்று சொன்னது ஒரே ஒருமுறை. அதுவும் பக்கத்து வீட்டு நாயிடம். மனசு கேட்காமல் சாயங்காலமே பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தார்.

முதலில் டுவேன் வந்தார். பழைய ஃபர்னஸைச் சுற்றி வந்தார். நாற்பது வருடப் பழக்கமுள்ள ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பெருமூச்சு விட்டார்.

"பெரிய வேலை ஆர்டன்."

"மலிவா ஏதாவது... அந்த எண்பது சதவீதம் மட்டும் சூடு தர்ற வகை இருக்காமே, பழைய சிம்னியே போதும்னு..."

"இருக்கு. ஆனா உன் வீட்டுக்கு ஒத்துவராது." டுவேன் ஒரு விலையைச் சொன்னார். அது படகு மோட்டாருக்கென்று ஆர்டன் சேர்த்துவைத்திருந்ததை விழுங்கிவிட்டு மேலும் கேட்கிற விலை. "என்னைவிட லவெர்ன் இதை நல்லா செய்வான், தெரியுமா? நான் சும்மா சொல்றதுக்காகச் சொல்லல."

ஆர்டன் நெகிழ்ந்துபோனார். தொழிலில் போட்டியாளனை இப்படிப் புகழ எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

லவெர்ன் வந்தார். காற்றுக் குழாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். டுவேன் சொன்னதற்குக் கொஞ்சம் மேலேயே ஒரு விலையைச் சொன்னார். "உனக்காகச் சொல்றேன் மாப்ள, இந்தப் புதுச் சரக்கெல்லாம் ஜொலீனுக்குத்தான் அத்துப்படி. நமக்குக் கண்ணும் சரியில்ல, முட்டியும் சரியில்ல."

ஜொலீன் வந்தாள். ஜன்னல்களை அளந்தாள், பரணுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள், அவள் சொன்ன விலை மற்ற இரண்டையும் தாண்டிப் போனது. "நிஜமா சொல்லணும்னா மிஸ்டர் டாலெஃப்சன், உங்களுக்கு டுவேன்தான் சரி. அவரோட தகர வேலை மாதிரி வராது."

அன்று சாயங்காலம் ஆர்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மூணு பேரும் அடுத்தவங்களைக் கைகாட்டறாங்க மார்லிஸ். இப்படி ஒரு ஊரை எங்க பாப்ப?"

"விலையைப் பாத்தியா? ஃபார்கோல என் அக்கா இதுல பாதிக்குப் போட்டா."

"மூணு பேர் தனித்தனியா வந்து ஏறக்குறைய ஒரே விலை சொல்றாங்கன்னா, அதுதான் நியாயமான விலை. ஃபார்கோ பெரிய ஊரு. அங்க ஃபர்னஸ் நிறையக் கிடைக்கும்."

மார்லிஸ் மேல் கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொண்டாள். "சரி, இருக்கறதுலயே டுவேன்தான் கம்மி. அவனுக்குக் கொடு. மத்த ரெண்டு பேருக்கும் போன் போட்டு இல்லேன்னு சொல்லு. ஒரே வார்த்தை. நான் வேணா எழுதித் தரேன்."

ஆர்டன் லவெர்னுக்குப் போன் போட்டார். முதலில் பனி வரும்போல் இருக்கிறது என்று பேசினார்கள். ஏரியில் மீன் கிடைக்கவில்லை என்று பேசினார்கள். லவெர்னின் முட்டியைப் பற்றி நிறையப் பேசினார்கள். கடைசியில் ஆர்டன் தொண்டையைச் செருமினார்.

"அந்த வேலை விஷயமா..."

"வேற யாருக்காவது கொடுத்துட்டியா? கொடுத்துடு, கொடுத்துடு! எனக்கு ஒண்ணுமே இல்ல. சத்தியமா. ஒரு துளிகூட வருத்தம் இல்ல."

எங்கள் ஊரில் ஒருவர் வருத்தம் இல்லை என்று ஒருமுறை சொன்னால் கொஞ்சம் வருத்தம் என்று அர்த்தம். மூன்றுமுறை சொன்னால் உள்ளே மனசு சுக்குநூறாகிவிட்டது என்று அர்த்தம்.

"இல்ல லவெர்ன்! ஃபர்னஸ் உனக்குத்தான்" என்றார் ஆர்டன்.

"ஓ" என்றார் லவெர்ன். மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று ஆர்டன் நினைத்துக்கொண்டார்.

மார்லிஸ் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்தது ஜொலீன். "லவெர்னுக்கா? ஐயோ, ரொம்ப நல்லது! நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஆர்டனுக்குத் தெரியும். பஸ்ஸில் வாந்தியை அடக்கிக்கொண்டு "ஐ ஆம் ஃபைன்" என்று சிரித்த குழந்தையின் அதே சிரிப்பு. ஏசி ஜொலீனுக்குப் போயிற்று.

மிச்சமிருந்தவர் டுவேன். புதன்கிழமை பாடகர் குழுப் பயிற்சியில், ஃபர்னஸும் ஏசியும் வேறு ஆட்களுக்குப் போய்விட்டதை ஆர்டன் அவர் காதில் மெல்லச் சொன்னார். டுவேன் தலையை ஆட்டிவிட்டுப் பாட ஆரம்பித்தார். சர்ச் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷமாகப் பாடுகிறான் என்றால் உள்ளே எவ்வளவு துக்கத்தை அமுக்கி வைத்திருக்கவேண்டும்! ஆர்டனின் கண் கலங்கியது. பாட்டு முடிவதற்குள் காற்றுக் குழாய், தகர வேலை, தெர்மோஸ்டாட் எல்லாம் டுவேனுக்கு என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு டுவேன் பாடியது யாருக்கும் கேட்கவில்லை.

"ஒரு வேலைக்கு மூணு கூலி" என்றாள் மார்லிஸ். "மலிவா முடிக்கணும்னு ஆரம்பிச்சோம், ஞாபகம் இருக்கா?"

"மனுஷங்க மனசு மார்லிஸ்..."

"என் மனசு குளிர்ல விறைச்சுப் போச்சு. அதைப் பத்தி யாரும் கேக்கல."

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை ஆரம்பித்த அன்று பேஸ்மென்ட் படியிலேயே அரைமணி நேரம் போயிற்று.

"நீங்க முதல்ல இறங்குங்க."

"ஐயையோ, நீ இறங்கும்மா, உன் கைல கனம் இருக்கு."

"டுவேன்தானே மூத்தவர்."

"நான் அவசரமே இல்லாத ஆளு."

சூட்டுக்காக மின்சார அடுப்பில் ஹாட்டிஷ் என்ற உருளைக்கிழங்குக் கலவையை வைத்துவிட்டு அடுப்புக் கதவைத் திறந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மார்லிஸ், "யாராவது ஒருத்தர் விழுந்தாவது போய்ச் சேருங்களேன்!" என்று கத்தினாள்.

இறங்கினார்கள். லவெர்ன் புது ஃபர்னஸைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஏசியின் குளிர்ச்சுருள் அதன் தலைமேல் உட்காரவேண்டும். ஜொலீனுடைய சுருள் வேறு கம்பெனி, ஃபர்னஸைவிட அகலம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. டுவேன் இரண்டுக்கும் நடுவே ஒரு தகரக் கூட்டை வெட்டி மடித்து ஒட்டவைத்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜொலீன் செம்புக் குழாய்களை வளைத்து வளைத்துக் கொண்டுபோனாள். மூன்று நாள் அழகாக வேலை நடந்தது. ஒருவருக்கொருவர் "பரவாயில்லையே" என்றுகூடப் பாராட்டிக்கொண்டார்கள். அதற்கு மேல் பாராட்டு எங்கள் பக்கத்தில் கிடையாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மார்லிஸ் காபி எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"ஃபர்னஸோட கதவு எங்க?"

மூன்று பேரும் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள்.

"சுவர்ப் பக்கமா இருக்கு" என்றார் லவெர்ன் மெல்ல.

"சுவரைப் பாத்து வச்சா எப்படித் திறக்கறது? ஃபில்டர் மாத்தறது? பத்தவைக்கறது?"

"நானும் அதைக் கவனிச்சேன்" என்றார் டுவேன்.

"நானும் முதல் நாளே பாத்தேன்" என்றாள் ஜொலீன்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"லவெர்ன் மனசுல ஏதோ திட்டம் வச்சிருப்பாரோன்னு..." என்று ஜொலீன் இழுத்தாள்.

"நான் வச்சதும் ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலையே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்" என்றார் லவெர்ன்.

ஆர்டனைப் பார்த்தாள் மார்லிஸ். ஆர்டனும் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

எல்லாவற்றையும் பிரித்தார்கள். மறுநாள்தான் மான் வேட்டை தொடங்கும் அந்தச் சனிக்கிழமை. விடிந்ததும் பிரிட்டா போன் செய்தாள்: "அப்பா, கிளம்பிட்டோம். ட்ரெவர் எங்களை இறக்கி விட்டுட்டு அப்படியே காட்டுக்குப் போயிடுவார். வீடு சூடா இருக்கில்ல? இல்லேன்னா வழியில அவங்க அம்மா வீட்டுக்குத் திரும்பிடறோம்."

"இங்கயே வாம்மா" என்றார் ஆர்டன். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

அன்று காலை ஊரில் ஆண்பிள்ளை வாசனையே இல்லை. அத்தனை பேரும் மான் பின்னால் போயிருந்தார்கள். ஆர்டன் வேட்டைக்குப் போவதில்லை. போன ஒருமுறை மானுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். கீழே மூன்று பேரும் ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் முழங்காலிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. 'என்ன சிரத்தை!' என்று ஆர்டன் நினைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் கேக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வாசலில் கார் வந்து நின்றது. பிரிட்டா பாப்பாவைப் போர்வைக்குள் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். மூக்கைச் சுளித்தாள். "அப்பா... இங்க வெளியில இருக்கறதைவிடக் குளிரா இருக்கே?"

ட்ரெவர் காரை இன்னும் அணைக்கவில்லை. ஆர்டன் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. கீழே டுவேன் எதையோ தட்டினார், லவெர்ன் எதையோ திருகினார், தரையில் சூடான காற்று வரும் கம்பி வலைக்குள்ளிருந்து 'ஹூ' என்று ஒரு மூச்சு வந்தது. முதலில் தூசி. பிறகு வெதுவெதுப்பு. பிரிட்டா அந்தக் கம்பி மேலேயே பாப்பாவோடு உட்கார்ந்துவிட்டாள். பேத்தி ஒரு கையை வெளியே நீட்டி, தாத்தாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, கொட்டாவி விட்டது.

ஆர்டன் கீழே போய் மூன்று பேருக்கும் கைகொடுக்க நினைத்தார். அதற்குள் அவர்களுடைய மூன்று வண்டிகளும் தெருமுனையைத் தாண்டியிருந்தன.

திங்கட்கிழமை நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்தார், புது ஃபர்னஸுக்குக் கையெழுத்துப் போட. தெரேசா பக்கினி என்று பெயர். நியூஜெர்சியில் பிறந்தவர், மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடும் கெட்ட பழக்கம் உண்டு. அது கெட்ட பழக்கம் என்று ஊரில் யாரும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒரு ஃபர்னஸுக்கு மூணு கம்பெனி ஸ்டிக்கர்! இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல."

ஆர்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று பேரும் கேட்ட விலையை ஒவ்வொன்றாகச் சொன்னார். "கொஞ்சம் செலவுதான். என் படகு மோட்டார் போச்சு. ஆனா பாருங்க, மூணு பேரும் எவ்வளவு ஆசையா இருந்தாங்க! ஒருத்தர் மனசுகூட நோகாம எல்லாருக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மிஸ்டர் டாலெஃப்சன் நீங்க, வேணாம்னு நீங்களே சொல்லிடணும்னுதானே மூணு பேரும் ரெட்டை விலை சொன்னாங்க, மான் சீசன்ல வேலை வேணும்னு உங்ககிட்ட யாருங்க அழுதா?"