முன் அனுமதியின்றி வகை மாறிய துகள்கள்

நட்சத்திரம் என்பது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடியது. அரசாங்க ஆய்வகம் என்பது எதற்கும் அசையாதது. இவ்விரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பல வருடங்களாக முழி பிதுங்கியவர் அந்த விஞ்ஞானியம்மாள். நட்சத்திரம் வெடிக்கும்போது பீறிட்டு வரும் நியூட்ரினோ என்ற பொடித் துகள்களைப் பிடிக்க, சுரங்கத்துக்குள் ஒரு கருவியை அமைத்திருந்தார். பக்கத்து நட்சத்திரம் வெடிப்பது ஆயுளில் ஒருமுறை நடந்தாலே பாக்கியம். அதைக் கோட்டை விட்டால் அவர் பட்ட பாடெல்லாம் வீண்.

துகளில் மூன்று வகை. கருவியிலும் மூன்று அறை. அனுமதி கிடைத்ததோ முதல் வகைக்கு மட்டும். மற்ற இரண்டு அறைகளையும் சிக்கன நடவடிக்கையாகப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, சாவியை இயக்குநர் தம் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

"நட்சத்திரத்துக்குள்ளயே அதுங்க வகை மாறிடும் சார். முதல் வகையா கிளம்பினது மூணாவது வகையா வந்து நிக்கும்," என்று இயக்குநரிடம் முறையிட்டார் விஞ்ஞானியம்மாள்.

"யாரைக் கேட்டு மாறுது?"

"யாரையும் கேக்காது சார். தனியா வந்தாலே மாறும். அங்க நெரிசல் வேற. ஒண்ணைப் பாத்து ஒண்ணு, கூட்டமா மாறிடும்."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கிளம்பும்போது ஒண்ணு, வந்து சேரும்போது ஒண்ணு. இப்படி ஒழுக்கங்கெட்டதை எல்லாம் அரசாங்கக் கட்டடத்துக்குள்ள விடச் சொல்றீங்களா?"

விஷயம் உரிய வழியில் குழுவுக்குப் போயிற்று. கூட்டத்துக்கு முந்தின நாள் வராந்தாவில், குழுவில் இருந்த துணை இயக்குநர், "நியாயம் உங்க பக்கம்தான் மேடம்" என்றிருந்தார். நிர்வாக அதிகாரி, "திறந்தே ஆகணும், நான் இருக்கேன்" என்று நெஞ்சைத் தட்டியிருந்தார். கூட்டத்தில் இயக்குநர் லேசாக முகம் சுளித்தார். இருவரும் ஒரே குரலில், "பூட்டியே இருக்கட்டும் சார்" என்றார்கள். வெடிக்கிற நட்சத்திரத்தில்கூட துகள் இவ்வளவு சுருக்காக மாறாது என்று விஞ்ஞானியம்மாள் நினைத்துக்கொண்டார்.

மறுவாரமே நட்சத்திரம் வெடித்தது. மற்ற நாட்டு ஆய்வகங்கள் அள்ளிக் குவித்தன. இங்கே திறந்திருந்த ஒற்றை அறையில் விரல்விட்டு எண்ணும்படி சிலதுதான் சிக்கின. மிச்சமெல்லாம் வகை மாறி வந்து, அரக்கு முத்திரையைச் சட்டை செய்யாமல், பூமியைத் துளைத்துக்கொண்டு போய்விட்டன. விஞ்ஞானியம்மாள் சுரங்கத்துக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

விசாரிக்கத் தலைமைச் செயலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து சேர்ந்தார்.

"ரெண்டு அறையைப் பூட்டச் சொன்னது யாரு?"

"நான் திறக்கத்தான் சொன்னேன்," என்றார் இயக்குநர்.

"நாங்களும் அதைத்தான் சொன்னோம்," என்றார்கள் மற்ற இருவரும்.

பெரிய அதிகாரி விஞ்ஞானியம்மாள் பக்கம் திரும்பினார். "அடுத்த இயக்குநர் பதவிக்கு உங்க பேரு பரிசீலனையில இருக்கு. நீங்க சொல்லுங்கம்மா, தப்பு யாரு மேல?"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இடப்பக்கம் இயக்குநரின் முழங்கை இடித்தது. வலப்பக்கம் துணை இயக்குநரின் தோள்.

"நட்சத்திரத்து மேலதான் சார் தப்பு," என்றார் விஞ்ஞானியம்மாள். "முன்னறிவிப்பு இல்லாம வெடிச்சிடுச்சு."

எல்லோரும் சேர்ந்தாற்போல் தலையாட்டினார்கள். அந்த அறையில் நாற்காலிகளை மிகவும் நெருக்கிப் போட்டிருந்தார்கள்.