சுலபசாமி மாண்டரின் படித்த கதை

சுலபசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரிய அநியாயம். சோம்பேறி சும்மா உட்கார்ந்திருப்பான். சுலபசாமியால் சும்மா இருக்க முடியாது. தபால் நிலையத்தில் எந்த வரிசை குட்டை என்று கவுண்டர் கவுண்டராக மாறி நின்று, மாறிய வரிசையெல்லாம் நீண்டு, விட்டுவந்த வரிசையெல்லாம் கரைந்து, கடைசியில் கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் தலைதெறிக்க ஓடுவார். குறுக்குவழி என்று செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் சைக்கிளை விட்டு, நெடுஞ்சாலையில் போனவர்கள் கல்யாணச் சாப்பாடு முடித்துக் கைகழுவும்போது முழங்கால் சேற்றோடு வந்து நிற்பார். உழைப்பைத் தவிர்க்க இவர்கள் படும் உழைப்பை யாராவது கூலிக்கு எடுத்திருந்தால் பேராக் ஆற்றில் இன்னும் இரண்டு அணை கட்டியிருக்கலாம்.

இந்த இனத்தில் ஒரு முதல்தர உருப்படி எண்பதாம் ஆண்டில் ஈப்போ நகரத்துச் சிலிபின் பகுதியில் இருந்தான். பெயர் ஜெயபாலன். அப்பாவின் பெயர் பத்துமலை. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது குடும்பத்தோடு டவுனுக்கு வந்து, கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, சுண்ணாம்புக்கல் குவாரி வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே லியோங் வீட்டில் டிரைவராகச் சேர்ந்தார். அம்மா இருளாயிக்கு வீட்டு வேலையும், அது முடிந்ததும் மகனைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசும் வேலையும். மகன் பல்கலைக்கழகம் போனதில் இரண்டாவது வேலை பெருகிவிட்டது.

ஆனால் அங்கே அவன் பாடம் தேர்ந்தெடுக்கும் லட்சணம் இருளாயிக்குத் தெரியாது. பாடம் எதைப் பற்றியது என்று ஜெயபாலன் கேட்கவே மாட்டான். விரிவுரையாளர் இளகிய மனசுக்காரரா? வருகை எடுப்பாரா? யாராவது இதுவரை பெயிலாகியிருக்கிறார்களா? இவ்வளவுதான் விசாரணை. விசாரணை மட்டும் வாரக்கணக்கில் நடக்கும். முந்தின வருடம் 'உணவும் ஊட்டமும்' என்று ஒரு விருப்பப் பாடத்தை, சாப்பாட்டுச் சமாசாரம்தானே என்று எடுத்து, பருவம் முழுக்க வைட்டமின் பட்டியலை மனப்பாடம் செய்து இளைத்துப்போனான். அதில் புத்தி வந்ததா? வந்தது. இந்தத் தடவை இன்னும் கவனமாக விசாரித்தான்.

விசாரித்து, ஆரம்பநிலை மாண்டரின் வகுப்பில் பேரைக் கொடுத்தான்.

அறைத்தோழன் கஸ்பார், ஆயர் தாவார் ஊர்க்காரன், கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"மச்சான், நீ எடுத்திருக்கிறது சீனம். தெரியுமில்ல?"

"ஈப்போக்காரன்கிட்ட சொல்றியா? அஞ்சு வயசுல மீன்கடையில நின்னு கேண்டனீஸ் பேசினவன் நான். இங்க ஆரம்பநிலைன்னு போட்டிருக்கு. தெரிஞ்சத திரும்பப் படிக்க என்னா கஷ்டம்? ஈசி லா."

"கேண்டனீஸ் வேற, மாண்டரின் வேற லா."

"எல்லாம் ஒரே சீனந்தான். நம்ம தமிழும் யாழ்ப்பாணத்துத் தமிழும் மாதிரி."

முதல் வகுப்பில் ஆசிரியை திருமதி கோ ஒவ்வொருவரையும் எழுப்பி, ஏன் இந்தப் பாடம் என்று மலாயில் கேட்டார். கிளந்தானிலிருந்து வந்த பெண் கடைப் பெயர்ப்பலகைகளைப் படிக்க ஆசை என்றாள். ஜெயபாலன் காரணம் சொல்லவில்லை. நேரே காரியத்தில் இறங்கினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த கேண்டனீஸில் மூன்று வாக்கியம் தடையில்லாமல் பேசி, கைதட்டலுக்காக நின்றான். கடைசி வரிசையில் இரண்டு சீன மாணவர்கள் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். திருமதி கோ கண்ணாடியைச் சரிசெய்தார்.

"நீங்கள் பேசியது கேண்டனீஸ். முதல் வாக்கியம் சாப்பிட்டீர்களா என்பது. மற்ற இரண்டும் மீன் விலை படியாதபோது சொல்வது. வகுப்பில் வேண்டாம். உட்காருங்கள்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. தமிழில் கோபமாகச் சொன்னாலும் கொஞ்சிச் சொன்னாலும் மாடு மாடுதான். எழுந்து நாய் ஆகிவிடாது. மாண்டரினில் அந்த உத்தரவாதம் கிடையாது. 'மாய்' என்று குரலைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினால் வாங்குவது. அதே 'மாய்' மேலிருந்து வெட்டிப்போட்டதுபோல் விழுந்தால் விற்பது. ஜெயபாலன் வாங்கப்போன இடத்திலெல்லாம் விற்றான். எழுத்து அதைவிட மோசம். முதல் சொல்வதெழுதலில் அவன் எழுதிய தாளைத் திருமதி கோ திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது மேல்பக்கம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் சுலபசாமி என்ன செய்வார்? வேறென்ன, இடம் மாறுவார். பாடத்தை விடுவதற்குக் கெடு இன்னும் இருந்தது. பூப்பந்து வகுப்பில் இடம் காலி என்று அதற்குள் விசாரித்தும் வைத்துவிட்டான். அழுக்குத் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு வந்து மாறிக்கொள்ளலாம் என்று அந்த வாரக்கடைசியில் ஈப்போவுக்குப் பஸ் ஏறினான்.

பஸ் நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் நிறுத்தி மாண்டரின் படிப்பை விசாரித்தார்கள். இருளாயி தன் இரண்டாவது வேலையை முடித்திருந்தார். மளிகைக்கடைச் சீனர் ஏதோ மாண்டரினில் வாழ்த்தினார். பக்கத்து வீட்டு மங்களம் அக்கா, "எங்க தம்பி, ஒரு வார்த்தை பேசிக் காட்டு," என்றார். உள்ளே போனால் இருளாயி கோழி அறுத்திருந்தார்.

சாப்பிடும்போது பத்துமலை பேச்சை ஆரம்பித்தார். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை.

"தவுக்கே கேட்டாரு, மகன் என்னா படிக்கிறான்னு. மாண்டரினும் படிக்கிறான்னேன். காரையே நிறுத்தச் சொல்லிட்டாரு. அவரு மகன் சிகரெட்டும் கையுமா திரியறான் இல்ல, அவனுக்குச் சொல்லிக் காட்டணுமாம். சீனப் பெருநாளைக்கு உன்னக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு."

"எதுக்குப்பா அதெல்லாம்."

"முன்வாசல் வழியா வரச் சொன்னாரு," என்றார் பத்துமலை. சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொரு தடவையும் சொன்னார். "ஹால்ல வந்து உக்காரணுமாம்."

இத்தனை வருடமாக அந்த வீட்டில் பெருநாளுக்குப் பெருநாள் பத்துமலை போனதுண்டு. பின்பக்க வாசலில் காரைத் துடைத்து நிறுத்திவிட்டு, சமையலறைப் படியில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டு, பணம் வைத்த சிவப்பு உறையை வாங்கிக்கொண்டு வருவார். ஹாலில் சோபா இருப்பது தெரியும், அதை நகர்த்தியிருக்கிறார். உட்கார்ந்ததில்லை.

ஜெயபாலன் பூப்பந்து பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதற்காக உழைத்தான் என்று நினைத்தீர்களா? சுலபசாமியை அவ்வளவு லேசாக எடைபோடாதீர்கள். தவுக்கே வீட்டில் என்ன பேசுவார்கள், வாழ்த்துதான். அதற்கு ஒரு வாக்கியம் போதும். 'பெருநாள் வாழ்த்து, ஆரஞ்சு வாங்கி வந்தேன்.' மிஞ்சிப்போனால் நலமா என்று கேட்பார்கள். 'நான் நலம், நன்றி' என்று ஒரு பதில். பாடப்புத்தகத்தின் மற்றப் பக்கங்கள் எதற்கு? கஸ்பாரை எதிரே நிறுத்திவைத்து இரண்டையும் உருப்போட்டான்.

"மச்சான், வேற ஏதாச்சும் கேட்டா?" என்றான் கஸ்பார்.

"கேக்க மாட்டாங்க லா."

பெருநாளன்று பத்துமலை நீலச் சட்டை போட்டு, பாக்கெட்டில் சீப்பு வைத்து, மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பழக்கதோஷத்தில் வண்டி பின்வாசலுக்குத் திரும்பியது. "அப்பா, முன்னால," என்றான் ஜெயபாலன். அவர் வளைத்துக்கொண்டு வந்தார்.

ஹால் நிறைய விருந்தாளிகள். தவுக்கே எழுந்து வந்து, "டுடுக், டுடுக்," என்று பத்துமலையின் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பத்துமலை சோபாவின் நுனியில், முழங்காலில் கைவைத்து, காரில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். தவுக்கே எல்லோர் பக்கமும் திரும்பி, என் டிரைவர் மகன், பல்கலைக்கழகத்தில் மாண்டரின் படிக்கிறான் என்று கேண்டனீஸில் அறிவித்தார். சிகரெட் மகன் சுவரைப் பார்த்தான். மற்றவர்கள் ஜெயபாலனைப் பார்த்தார்கள்.

ஜெயபாலன் ஆரஞ்சுப் பையை இரண்டு கையிலும் ஏந்தி, திருமதி கோவே அசந்துபோகும்படி குனிந்து, தன் வாக்கியத்தைச் சொன்னான். கம்பீரமாகச் சொன்னான். கம்பீரம் வேண்டும் என்று கடைசியில் 'மாய்' வந்த இடத்தில் குரலை நன்றாக வெட்டிப்போட்டான்.

தவுக்கே கண்ணை மூடித் தலையாட்டினார். "பாகுஸ், பாகுஸ்," என்று மலாயில் மெச்சினார். விருந்தாளிகளும் தலையாட்டினார்கள். இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தவுக்கே படித்தது பாதிரியார் பள்ளிக்கூடத்தில். ஆங்கிலம் தெரியும், வீட்டில் கேண்டனீஸ், டிரைவரோடு மலாய். மாண்டரினில் அவருக்குத் தெரிந்தது தலையாட்டுவது மட்டும்தான். வந்திருந்த பாதிப்பேருக்கும் அப்படித்தான்.

மாண்டரின் தெரிந்த ஒருத்தி ஓரத்தில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். சிகரெட் மகனின் மனைவி சூய் லான். சீனப் பள்ளியில் ஆசிரியை. அவள் முகம் முதலில் மலர்ந்து, பிறகு சிவந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாண்டரினில் ஏதோ கேட்டாள். ஜெயபாலனுக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது.

"நான் நலம், நன்றி," என்றான்.

சூய் லான் கணவனின் காதருகே குனிந்து கேண்டனீஸில் கிசுகிசுத்தாள்: "ஆரஞ்சை வித்துட்டேன்னு சொல்றாரு. கிலோ என்ன விலைன்னு கேட்டேன். நலமா இருக்காராம்."

கிசுகிசுதான். ஆனால் ஜெயபாலனுக்கு மீன்கடைக் கேண்டனீஸ் காதில் தெளிவாக விழும். மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அவர் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றான்?" என்று தவுக்கே மருமகளிடம் உரக்கக் கேட்டார். சிகரெட் மகன் இப்போதுதான் சுவரிலிருந்து திரும்பினான். அவனுக்கு விஷயம் கிடைத்துவிட்டது, வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. சோபாவின் நுனியில் நீலச் சட்டை அசையவில்லை. சூய் லான் அந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்தாள்.

"குவாரி செழிக்கணும், மாமாவுக்கு ஆயுசு நீளணும்னு வாழ்த்துறாரு," என்றாள். "நல்ல உச்சரிப்பு. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இப்படிப் பேசினா நான் கவலைப்பட மாட்டேன்." சொல்லிக்கொண்டே கணவனின் காலை மிதித்தாள்.

கைதட்டினார்கள். தவுக்கே மகனை ஒரு பார்வை பார்த்தார். மூடிபோட்ட பீங்கான் கோப்பையில் பத்துமலைக்குத் தேநீர் வந்தது. மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கடைசிவரை இடது கையிலேயே பிடித்திருந்தார்.

திரும்பி வரும்போது சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பத்துமலை திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"கிலோ என்னா விலைக்குடா வித்த?"

"உங்களுக்கு... கேட்டுச்சா?"

"கைதான் ஸ்டீரிங்ல இருக்கும். காது பின்சீட்டுல. இத்தனை வருசத்துல அந்த வீட்டு பாஷை எனக்குத் தெரியாதா?" பச்சை விளக்கு வந்தது. வண்டி கிளம்பிய பிறகு சொன்னார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. அடுத்த வருசமும் வரச் சொல்லியிருக்காரு. திரும்பவும் அதுக்கு அந்தத் தொந்தரவு கொடுக்காத."

திட்டியிருந்தால் ஜெயபாலனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் திருமதி கோவின் அறைக் கதவைத் தட்டினான். அப்போதும் அவன் கேட்ட முதல் கேள்வி, இதற்கு ஏதாவது எளிய வழி உண்டா என்பதுதான். பிறவிக்குணம் ஒரு நாளில் போகாது. இல்லை என்றார் அவர். ஒரு கட்டத்தாள் கட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு கஸ்பார் பட்ட பாடு தனிக்கதை. குளியலறையில் வாங்குவான், மாடிப்படியில் விற்பான், தூக்கத்தில் இரண்டும் செய்வான். "டேய், நீ வித்தா நானே வாங்கிக்கிறேன், படுக்க விடு லா," என்று கஸ்பார் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டான்.

மார்ச் மாதம் வாய்மொழித் தேர்வு. பெருநாளை எப்படிக் கழித்தீர்கள் என்று திருமதி கோ கேட்டார். ஜெயபாலனுக்குத் தெரிந்த சொற்கள் ஒரு கைப்பிடிதான். அவற்றை வைத்துச் சொன்னான். நான் ஆரஞ்சு வாங்கினேன். விற்றேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டு ஆசிரியை சிரித்தார். எல்லோரிடமும் பொய் சொன்னார். என் அப்பா பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் குடித்தார்.

வாங்குவது பள்ளத்தில் இறங்கி ஏறியது. விற்பது வெட்டி விழுந்தது. திருமதி கோ அடுத்த கேள்விக்காகக் கையில் வைத்திருந்த தாளை மேசையில் கவிழ்த்துவிட்டு, போகலாம் என்றார்.

கிடைத்தது சி. மற்ற பாடங்களில் வாங்கியிருந்த பி-க்களைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. இந்த சி-யைக் கான்டீன்காரரிடம்கூடச் சொன்னான். மறு வருடம் பெருநாளுக்கு அப்பாவும் மகனும் போனார்கள். சூய் லான் கேட்டாள், அவன் பதில் சொன்னான், அவள் மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னான். தவுக்கே யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை, தலையாட்டினார். பத்துமலை சோபாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

ஆகவே ஜெயபாலன் திருந்திவிட்டான் என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்த இரண்டாவது பெருநாளுக்கு முந்தின பருவத்தில் அவன் இரண்டாம்நிலை மாண்டரினில் பேரைக் கொடுத்துவிட்டு வந்து கஸ்பாரிடம் விளக்கினான்: "கஷ்டமெல்லாம் முதல் நிலையோட முடிஞ்சிருச்சு மச்சான். இனிமே சும்மா கேட்டுக்கிட்டு உக்காந்தா போதும்." கஸ்பார் எழுந்துபோய்ப் பஞ்சு தேடினான்.

அவனை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் எங்கே புரட்டினீர்கள்? முன்னுரையைத் தாண்டினீர்கள். அடிக்குறிப்போடு ஒரு கனமான கட்டுரை இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிப்பதாகச் சொல்லி ஒதுக்கினீர்கள். எத்தனை பக்கம் என்று விரலால் எண்ணிப் பார்த்து, கேலிக் கதைதானே, காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று இங்கே வந்து சேர்ந்தீர்கள். வெட்கப்பட வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்.