பதினாலாவது கோடு

கொடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பத்து நிமிடமாகக் குப்பைத் தொட்டியின் முன்னால் நின்றார் தங்கராஜு. நேற்றடித்த காற்றில் அதன் அடிப்பக்கம் நார் நாராகக் கிழிந்திருந்தது.

"என்னங்க, கொழந்தயாட்டம் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க? போட்டுட்டு வாங்க, பசியாறலாம்," என்றாள் மனைவி தனலெட்சுமி.

"நாட்டுக் கொடிய குப்பையிலயா? எவனாவது போட்டோ புடிச்சுப் போட்டா? நீல ஐசி கெடச்சு பதினோரு மாசந்தான் ஆச்சுலா!"

அவர் பயம் அவருக்கு. ஜொகூரில், கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. அந்த ஒரே குற்றத்துக்காக ஐம்பத்தெட்டு வயதுவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். குடிமகனுக்கான நீல ஐசி கைக்கு வந்த அன்றே வாங்கிக் கட்டிய கொடி இது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிவிடுவார்களோ என்று இன்றைக்கும் ஐசியைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறார் மனுஷன்.

"இதுக்கொரு மரியாதையான வழி பண்ணாம பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்," என்றார்.

"ஆரம்பிச்சிட்டாரு. குடுங்க, தெச்சுத் தர்றேன்."

அரை மணி நேரம் தையல் மெஷின் ஓடியது. தங்கராஜு கொடியை விரித்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அடியே, பதினாலு கோட்டுல பதிமூணுதான் இருக்கு!"

"கிழிஞ்சத உள்ள மடிச்சுத் தெச்சேன். ஒரு கோடுதானே?"

"அலமாக்! ஒவ்வொரு கோடும் ஒரு மாநிலம்டி, மிச்சமிருக்கிற ஒண்ணுதான் மத்திய அரசு! எந்த மாநிலத்த உள்ள தள்ளுன?"

"எனக்கென்ன தெரியும்? அடியில இருந்தது."

"ஜொகூரா இருந்தா நம்ம ரெண்டு பேரும் எங்க குடியிருக்கிறது?"

பிரிக்கப் போனார். தையலோடு துணியும் சேர்ந்து கிழிந்தது. மரியாதையோடு எரிக்கலாம் என்று கைப்பேசியில் பார்த்த வீடியோவில் யாரோ சொன்னார்கள். கொல்லையில் பழைய பிஸ்கட் டின்னில் வைத்துக் கும்பிட்டுத் தீ மூட்டினார். சனியன் பிடித்த துணி எரியாமல் உருகியது. கரும்புகை எழும்ப, பக்கத்து வீட்டு மாடி சன்னல் திறந்தது.

"ஏங்க," என்றாள் தனலெட்சுமி மெதுவாக. "அங்கேருந்து பாக்கறவங்களுக்கு, நீங்க கொடிய கொளுத்துற மாதிரில்ல தெரியும்?"

தங்கராஜு குழாயடிக்கு ஓடினார். ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். இப்போது கொடி கிழிந்து, ஒரு மாநிலம் குறைந்து, ஓரம் கருகி, சொட்டச் சொட்ட நனைந்தும் இருந்தது.

"கண்ணாடி ஒடஞ்ச சாமி படத்த நாம என்ன பண்ணுவோம்?" என்று கேட்டாள் அவள். "கோயில் அரசமரத்தடியில வெச்சிடுவோம்ல?"

முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. கொடியைக் காயவைத்து, மடித்து, புது மஞ்சள் துணியில் சுற்றினார். மரத்தடியில் கை உடைந்த பிள்ளையாருக்கும் நிறம் போன முருகன் படத்துக்கும் நடுவில் வைத்துச் சூடம் ஏற்றினார். "என்னைய ஏத்துக்கிட்ட தாயி, தப்பா நெனச்சுக்காத," என்று கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து தோசையைப் பிட்டு வாயருகே கொண்டுபோனபோது தனலெட்சுமியின் கைப்பேசி கத்தியது. தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்சப் குழுவில் மரத்தடிப் படம். 'கருகின கொடிய இங்க வெச்சது யாரு? கேமராவுல ஆள் தெரியுது. போலீசுக்குச் சொல்லியாச்சு.'

தோசை தட்டிலேயே விழுந்தது.

சாயங்காலம் வாசலில் போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "தங்கராஜு யாரு?"

"நீங்க பின்பக்கமா போயிடுங்க," என்றாள் தனலெட்சுமி.

"ஓடுனா தப்புப் பண்ணவன்னு ஆயிடும். நான் இந்த நாட்டுக்காரன்டி. நின்னு பேசுறேன்."

தலையணைக்கடியிலிருந்து ஐசியை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்திருந்த போலீஸ்காரரின் சட்டையில் 'ஜெயபாலன்' என்று பெயர் போட்டிருந்தது.

"நான்தான் சார் வெச்சேன். கிழிச்சது காத்து, கோட்ட முழுங்குனது தையல் மெஷினு, கருக்குனது நான். அவமரியாதை மட்டும் பண்ணல. ஜெயிலுக்குக் கூப்பிட்டாலும் வர்றேன், இந்த ஐசிய மட்டும் வாங்கிடாதீங்க."

ஜெயபாலன் ஹெல்மெட்டைக் கழற்றினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டிப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார்.

"இது என் வீட்டுக் கொடிண்ணே, கிழிஞ்சு நாலு வருசமா பயந்துக்கிட்டு அலமாரிக்குள்ளயே வெச்சிருக்கேன், உங்களோடது பக்கத்துல இதையும் வெச்சு ஒரு சூடம் ஏத்திடுங்க."